தட்டை முன்னுக்கு நகர்த்திய நாள்

தம்பிமார்களே,

உங்கள் முன்னால் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ட்ரெய்லர் ஓட்டிய காலத்திலும் அப்படித்தான், முழங்கால் பழுதாகி வேலையை விட்ட பிறகும் அப்படித்தான். எழுதித் தருகிறேன், யாராவது சத்தமாக வாசியுங்கள் என்றேன். எழுதப்போவது சுனாமி வந்த காலத்தில் நான் ஏற்றிப்போன ஒரு படகைப் பற்றி.

போன வாரம் உங்களில் ஒருவர் புது பிரைம் மூவரைக் காட்ட என்னை யார்டுக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஏறி உட்கார்ந்தால் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் முதுகில் இருக்கும் தட்டின் பூட்டு காற்றில் திறக்கிறது. தட்டை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்திக்கொள்ளலாம். நான் அமுக்கிப் பார்த்தேன். விட்டேன். மறுபடி அமுக்கினேன். அந்தத் தம்பி சிரித்தார். பொத்தானை எதற்கு வைத்திருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டேன். "பெரிசாத் தேவைப்படாது காக்கா, நான் தொட்டதே இல்ல" என்றார், அண்ணனைக் காக்கா என்கிற எங்கள் வழக்கப்படி. அந்த இடத்திலேயே இதை எழுதவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

தட்டு என்று நான் சொல்வது உங்களுக்குத் தெரியும். வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரைம் மூவரின், அதாவது ட்ரெய்லரை இழுக்கும் லொறியின் முதுகில், பின்சக்கரங்களுக்கு மேலே, கிரீஸ் பூசிய வட்டமான இரும்புத் தட்டு ஒன்று இருக்கும். ட்ரெய்லரின் மூக்கில் உள்ள ஆணி அதில்தான் வந்து பூட்டும். ட்ரெய்லரின் பாரத்தில் ஒரு பெரும் பங்கு அந்தத் தட்டில் உட்காரும். தட்டு பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருந்தால், அந்தப் பாரத்தில் கொஞ்சம் முன்சக்கரத்துக்கும் போகும். அச்சைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால், வாங்கின், அதாவது பெஞ்சின் ஓரத்தில் தடித்த ஆள் உட்கார்ந்ததும் மற்ற ஓரம் எழும்புமே, அதுபோல லொறியின் மூக்கு எழும்பப் பார்க்கும்.

எங்கள் கரையோரத்தில் அந்தக் காலத்தில் எல்லா வண்டியிலும் தட்டு, அதைப் பூட்டும் ஓட்டைகளில் ஆகப் பின்னால் உள்ள ஓட்டையில்தான் இருந்தது. காரணம் நெல். அறுவடைக் காலத்தில் ட்ரெய்லரில் நெல் மூட்டைகளை மூக்குவரை அடுக்குவோம். மூட்டைகள் வீங்கி வெளியே தள்ளும். சந்தியில் திரும்பும்போது மூட்டை வந்து கெபினில் உரசும். அதனால் யாரோ ஒருவர் ஆதியில் தட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டினார், எல்லோரும் அதைப் பார்த்துச் செய்தார்கள். நெல் ட்ரெய்லர் முழுக்கப் பரவி இருக்கும் பாரம், அதனால் ஒன்றும் ஆகவில்லை. வருடங்கள் போய்ப் பூட்டில் துரு ஏறியது. தட்டு நகரும் பொருள் என்பதே மறந்துபோயிற்று. அதை அங்கேயே ஒட்டவைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று சத்தியம் பண்ணக்கூடிய டிரைவர்கள் கல்முனையில் இருந்தார்கள்.

இனிப் படகு.

சுனாமி ஊரை அடித்துப்போட்டுச் சில மாதங்கள். கடல் அமைதியாகும் காலம் தொடங்கிவிட்டது. மருதமுனையில் சாரன் துணி நெய்து வியாபாரம் செய்த ஒரு ஹாஜியாருக்கு ஆழ்கடல் படகு ஒன்று இருந்தது. அவருடைய தறிகளையும் கடையையும் கடல் கொண்டுபோனது. படகை மட்டும் தூக்கி ஊருக்குள் எறிந்துவிட்டுப் போனது. அதன் வயிறு கிழிந்திருந்தது. அதை இழுத்துவந்து வயல் பக்கமாக உள்ள ஒரு நெல் ஆலைக்குப் பின்னால் வெறும் நிலத்தில் வைத்துத் திருத்தினார்கள். புதிய பலகை, புதிய பூச்சு, பின்பக்கத்தில் முன்னதைவிடப் பெரிய இயந்திரம்.

படகின் தண்டயல், அதாவது அதை ஓட்டிப்போகும் தலைவர், திருக்கோவிலைச் சேர்ந்த செல்வராசா அண்ணன். சுனாமிக்கு முன்பு பல வருடம் ஹாஜியாரின் படகில் போனவர். அவரும் அவருடைய ஆட்களும் குடும்பங்களோடு கூடாரத்தில் இருந்தார்கள். படகு திருத்தின நாட்களில் அவரும் ஆலைக்கு வந்து மரத்தைப் பிடித்துக்கொடுப்பார், ஆணி எடுத்துக்கொடுப்பார். நிவாரண வரிசையில் நிற்பதற்கு வெட்கமாக இருக்கிறது என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

கல்முனைக் கரையிலேயே படகை இறக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கே கடலுக்குள் வீடுகள் கிடந்தன. சுவர்கள், கிணற்றுக் கட்டுகள், கொங்கிறீட் தூண்கள். ஆழமான அடி உள்ள படகு அதில் தட்டினால் இரண்டாம் முறையும் வயிறு கிழியும். திருக்கோவில் பக்கத்தில் ஓரிடத்தில் கரை சுத்தமாக, சட்டென்று ஆழமாக இறங்கியது. அங்கேதான் கொண்டுபோகவேண்டும். வழியில் பழைய பாலம் உடைந்து, அதன் இடத்தில் தற்காலிக இரும்புப் பாலம் போட்டிருந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து அந்தப் பாலத்தை மூடிப் பலகை மாற்றப்போகிறார்கள், எப்போது திறக்கும் என்று சொல்லமுடியாது என்று செய்தி வந்தது. அன்று பின்னேரம் சோதனைச் சாவடி அடைக்கும் முன் தாண்டவேண்டும். தாண்டாவிட்டால் அந்த வருடத்து மீன் போய்விடும், கூடாரமும் வரிசையும்தான்.

பாலத்தில் நின்ற அதிகாரி ஒரு சிங்களவர், நல்ல மனிதர். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, வண்டியின் மொத்தப் பாரத்தைவிட ஒவ்வோர் அச்சிலும் எவ்வளவு பாரம் என்பதுதான் தனக்கு முக்கியம் என்றார். ஓர் அளவைச் சொல்லி, எந்த அச்சும் அதைத் தாண்டக்கூடாது, ஆலைத் தராசில் அச்சு அச்சாக நிறுத்து வா என்றார்.

காலையில் கிரேன் வந்து படகைத் தூக்கி என் ட்ரெய்லரில் வைத்தது. வைத்த விதத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். எங்கள் கரையில் படகு கடலுக்குள் போகும்போது அணியம், அதாவது முன்மூக்கு, அலையைப் பார்த்தபடி போகவேண்டும். அது முறை. முறைக்குப் பின்னால் அறிவும் இருக்கிறது. அகலமான பின்பக்கத்தை அலைக்குக் காட்டினால் ஒரே அடியில் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். இறக்கும் இடத்தில் கிரேன் கிடையாது. நான் ட்ரெய்லரைப் பின்னோக்கி எடுத்துக் கடலுக்குள் வாலை விடுவேன். படகு அப்படியே வழுக்கி இறங்கவேண்டும். ஆகவே அணியம் ட்ரெய்லரின் வால்பக்கம், இயந்திரம் உள்ள பின்பக்கம் என் கெபின் பக்கம். படகு வந்த வழியைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகப் பயணம் செய்யப்போகிறது. சங்கிலி கட்டுகிற என் கூட்டாளி றஊப் அதைப் பார்த்துவிட்டு, "இது மாமியார் ஊட்டுக்குப் போற மாப்பிள்ள மாதிரி, திரும்பிப் பாத்துப் பாத்துத்தான் போகும்" என்றான்.

கிரேனுக்கு வேறு ஊரில் வேலை. படகை வைத்தவுடன் போய்விட்டது.

ஆலைக்குப் பின்னாலிருந்து தராசு உள்ள முன்பக்கத்துக்கு வர ஒரு வாய்க்காலைத் தாண்டவேண்டும். அதன் மேல் சின்ன மதகு, தாண்டியதும் வளைவு. மதகில் ஏறி இறங்கி, ஸ்டியரிங்கை வளைத்தேன். சக்கரம் வளைந்தது. லொறி வளையவில்லை. முன்சக்கரங்கள் கிறவல் மண்ணில் வழுக்கிக்கொண்டு நேராக வயலைப் பார்த்துப் போகின்றன. பிரேக்கை மெல்ல மெல்ல அமுக்கினேன். வரம்பில் டயர் முட்டி வண்டி நின்றது. வெளியிலிருந்து றஊப் கத்துகிறான்:

"என்ன மச்சான், உழவுக்கா வந்த?"

கூட்டம் கூடிவிட்டது. படகு புறப்படுகிறது என்று கேள்விப்பட்டு இரண்டு ஊர்ச் சனமும் வந்திருந்தது. லொறியின் மூக்கு நிமிர்ந்திருப்பதை எல்லோரும் கண்டார்கள். நம்முடைய ஆட்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா. கேட்கமுன் உதவி வந்துவிடும். நெல் ஆலையில் வெறும் சாக்குக்குப் பஞ்சமா? நான் கெபினை விட்டு இறங்குவதற்குள் சாக்குகளில் மண் நிரப்பத் தொடங்கிவிட்டார்கள். முன் பம்பரின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். அது போதாது என்று ஏழெட்டு இளைஞர்கள் பம்பரில் ஏறி மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். மூக்கு இறங்கியது. கைதட்டல். ஹாஜியார் முகம் மலர்ந்துவிட்டது. இனி எடு டிரைவர் என்கிறார்.

எனக்குப் பேச வரவில்லை. இது சரியில்லை என்று எனக்குத் தெரிகிறது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுற்றிவர நூறு வாய். வண்டியை ஊர்ந்து ஊர்ந்து தராசுக்குக் கொண்டுபோனேன். மூட்டைகளும் பையன்களுமாக முன் அச்சை நிறுத்தார்கள். பார்வைக்குப் பரவாயில்லை. பின் அச்சை நிறுத்தார்கள். பாலத்து அதிகாரி சொன்ன அளவைத் தாண்டி நின்றது.

தம்பிமார்களே, இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் மண் கட்டினால் மூக்கு பாரமாகும். பின்னால் அமுக்குகிற பாரம் அதனால் பெரிதாக இறங்கிப்போகாது. இருக்கிற பாரத்துக்கு மேல் இன்னும் பாரத்தைக் கூட்டிக்கொண்டு பாலத்தில் ஏறப்போகிறோம். அதோடு, குழியில் விழுந்து ஒரு கயிறு அறுந்தால் அந்தப் பையன்கள் என் முன்சக்கரத்துக்குக் கீழேதான் விழுவார்கள்.

தராசுக்காரர் பின் அச்சின் நிறையைச் சத்தமாக வாசித்ததும் ஹாஜியார் ஒரு கணம் யோசித்தார். பிறகு இன்னும் பத்து மூட்டை கட்டச் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. பக்கத்தில் நின்ற றஊப்புக்கு என்னை இருபது வருடமாகத் தெரியும். அவன் காதுக்குள் சொன்னான்: "கதைக்க ஏலாட்டி காட்டுடா."

அதுதான் எனக்கு வழி திறந்தது. பையன்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கினேன். றஊப் மூட்டைகளின் கயிற்றை வெட்டினான். மண் மூட்டைகள் தொப்பென்று விழுந்தன. ஊரே முணுமுணுக்கிறது. நான் போய் ஹாஜியாரின் கையைப் பிடித்தேன். அவ்வளவு பெரிய மனிதரை அதற்கு முன் நான் தொட்டதே இல்லை. அவரை என் ஆசனத்தில் ஏற்றி உட்காரவைத்தேன். என் வண்டி பழையது. ஸ்டியரிங்குக்குக் கைகொடுக்கும் பம்பு வேலை செய்வதில்லை. நின்ற இடத்தில் அதை வளைக்க இரண்டு தோளும் வேண்டும் என்று ஊருக்கே தெரியும். சுற்றிப் பாருங்கள் என்று கையால் காட்டினேன்.

அவர் சுற்றினார். சுற்றுகிறது. ஒரு கையால் சுற்றினார். கடைசியில் இரண்டு விரலால் சுற்றினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"டிரைவர், இது நல்ல லேசா இரிக்கே?"

"அதான் ஹாஜியார் பயம்" என்றேன். "டயர் ரோட்டைப் பிடிக்கல்ல. நான் இதைக் கிறுக்கினா வண்டி கிறுகாது, திரும்பாது."

ஹாஜியார் ஸ்டியரிங்கிலிருந்து விரலை எடுத்துவிட்டார், சுட்டதுபோல. மெதுவாகக் கேட்டார்:

"மறுகா, இனி என்ன செய்யிற?"

"தட்டை முன்னுக்கு எடுக்கோணும்."

அந்த நாளில் நான் ஊருக்கு முன்னால் பேசியது இவ்வளவுதான். அதற்குமேல் தேவைப்படவுமில்லை.

படகைத் திருப்பி வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். கிரேன் போய்விட்டது, இருந்தாலும் செல்வராசா அண்ணன் விடமாட்டார். அவர் என் பக்கத்தில் வந்து, தட்டை நகர்த்தினால் என்ன ஆகும் என்று விளங்கக் கேட்டார். தனியாள் என்றால் எனக்குக் கதைக்க வரும். வாங்கு, தடித்த ஆள் எல்லாம் சொன்னேன். நான் முடிக்கவில்லை, அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"அட, ஐஸ் மாதிரி" என்றார். "மீனுக்குக் கொண்டுபோற ஐஸ் பின்னுக்குக் கூடினா அணியம் தூக்கும், சுக்கான் சொன்ன சொல் கேக்காது. நாங்க ஐஸை அள்ளி முன்னுக்குப் போடுற. உங்கட லொறி எங்கட கடல்லதான் ஓடுது காக்கா."

சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப் படகுக்குள் போனவர் அங்கிருந்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கரையில் இறக்கியவுடன் தொழிலுக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தில் அவருடைய ஆட்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்றியிருந்தார்கள். வலைகள், நங்கூரம், தண்ணீர்க் கலன்கள், அரிசி, தேங்காய். அத்தனையும் இயந்திர அறையோடு சேர்த்து, என் தட்டுக்கு நேர் மேலே. அவர் கத்தக் கத்த அவருடைய ஆட்கள் அந்தச் சாமான்களை எல்லாம் படகின் அணியத்துக்கு, அதாவது ட்ரெய்லரின் வால்பக்கத்துக்கு இழுத்தார்கள். மீண்டும் நிறுத்தோம். பின் அச்சின் பாரம் குறைந்தது. ஆனால் பாலத்து அளவுக்கு அது போதாது.

இனித் துரு. மண்ணெண்ணெய் ஊற்றினோம், சம்மட்டியால் தட்டினோம். பூட்டு அசையவில்லை. ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். தாமும் ஓர் அடி அடித்தார். யாரோ இன்னொருவர் வாங்கி அடித்தார். முஸ்லிம், தமிழர், ஆலைக்காரர், படகுக்காரர் என்று முறைவைத்து அடித்தார்கள். சுனாமிக்குப் பிறகு அவ்வளவு சனம் ஒன்றாகச் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். திடீரென்று டங் என்று ஒரு சத்தம். பூட்டு வெளியே வந்தது. துருவுக்குக் கீழே, வருடக்கணக்காக ஒருவரும் காணாத ஓட்டைகள் வரிசையாக முன்னுக்குப் போகின்றன. றஊப் விரலை விட்டுப் பார்த்தான். "மச்சான், இது ஒட்டின தட்டில்ல. ஓடுற தட்டு."

ட்ரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து இறுக்கினோம். நான் ஏறி லொறியை மட்டும் மெல்லப் பின்னுக்கு எடுத்தேன். ட்ரெய்லர் நின்ற இடத்தில் நிற்க, லொறி அதன் கீழே நுழைய, தட்டு முன்னுக்குப் போகிறது. ஒரு ஓட்டை. அடுத்த ஓட்டை. கூட்டத்துக்கு ருசி பிடித்துவிட்டது. இன்னும், இன்னும் என்கிறார்கள். கொஞ்சம் நகர்த்தினால் இவ்வளவு நல்லது என்றால் முழுக்க நகர்த்தினால் எவ்வளவு நல்லது!

இரண்டாவது தடவை நான் ஊரை மறுத்து நிற்கவேண்டிய இடம் இதுதான். முதல் தடவையைவிட இது கடினம். முதல் தடவை எல்லோரும் பிழையான வேலையைச் செய்தார்கள். இப்போது எல்லோரும் சரியான வேலையைத்தான் செய்யச் சொல்கிறார்கள், அளவுக்கு மீறி.

வண்டியை நிறுத்தி இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். படகின் பின்முனையில் அதைத் திருப்பும் சுக்கான் ட்ரெய்லரின் மூக்கைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. தட்டு முன்னுக்குப் போகப்போக சுக்கான் என் கெபினை நெருங்குகிறது. நேரே ஓடும்போது இடைவெளி போதும். ஆனால் பாலத்துக்கு ஏறும் இடத்தில் கூர்மையான ஒரு திருப்பம் உண்டு. அங்கே லொறி ஒரு பக்கம் திரும்ப ட்ரெய்லர் இன்னொரு பக்கம் நிற்கும். ஆக முன்னால் உள்ள ஓட்டையில் வைத்தால் சுக்கான் கெபினின் பின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். சுக்கான் வளைந்தால் படகு கடலில் பயனில்லை. றஊப் இரண்டு கையையும் விரித்து இடைவெளியை அளந்தான்.

"கழுத்துக்கு வந்திரும்டா. மறுகா படகையும் நீதான் ஓட்டணும்."

அந்த முன் ஓட்டைக்கு இன்னும் இரண்டு ஓட்டை இருக்கும்போதே பூட்டினேன். கூட்டம் விடவில்லை. இன்னும் இருக்குதே, ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்கள். ஆலை முற்றத்திலேயே பாலத்துத் திருப்பத்தைப்போல ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை எடுத்தேன். சுக்கான் கெபினின் முதுகை ஒரு கை அகலத்தில் தடவிக்கொண்டு போனது. இன்னும் நகர்த்தச் சொன்னவர்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள்.

தராசு. முன் அச்சு, ஓடுகிற லொறிக்கு எவ்வளவு இருக்கவேண்டுமோ அவ்வளவு. பின் அச்சு, பாலத்து அளவுக்குக் கொஞ்சம் உள்ளே. ட்ரெய்லர் அச்சுகளும் அப்படியே. தராசுக்காரர் வாசித்து முடிக்க ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்றார். செல்வராசா அண்ணன் மடியிலிருந்த கற்பூரத்தை எடுத்து லொறியின் முன் விளக்குகளுக்கு எதிரே போய்க் கொளுத்தினார். நான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பாரம். நல்ல பாரம். தோள் வலிக்கிற பாரம். எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவில்லை, ஹோனை அடித்தேன்.

நிந்தவூர், அட்டாளைச்சேனை, ஊர் ஊராகச் சனம் ரோட்டில். பிள்ளைகள் படகைக் கண்டு ஓடிவருகிறார்கள். ஹாஜியாரின் வேன் முன்னால், படகுக்காரர்களின் மோட்டார் சைக்கிள்கள் பின்னால். சுனாமிக்குப் பிறகு அந்த ரோட்டில் என் வண்டி கொண்டுபோனதெல்லாம் வேறு. கூடாரம், தகரம், பெட்டிகள். அன்றுதான் ஒரு முழுப் படகு போகிறது, கடலுக்குத் திரும்பிப் போகிறது.

பாலத்தில் அதிகாரி தராசுத் துண்டை வாங்கிப் பார்த்தார். பிறகு குனிந்து டயர்களைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். எப்போதும் பின்னால் இருக்குமே என்று தமிழும் சிங்களமும் கலந்து கேட்டார். சிரித்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும் என்றார். செல்வராசா அண்ணன் மட்டும் படகுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தார். படகு போகுமென்றால் தானும் அதோடுதான் என்கிறார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் படகில் இருந்தவரைப் பார்த்துக் கைகூப்பினேன். இறங்கிவிட்டார்.

திருப்பம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். கண்ணாடியில் சுக்கான் நெருங்குகிறது, நெருங்குகிறது, நிற்கிறது, விலகுகிறது. முன்சக்கரம் இரும்புப் பலகையில் ஏறியது. பலகைகள் ஒவ்வொன்றாகக் கடகடவென்று பேசின. பாலம் கொஞ்சம் தாழ்ந்து கொடுத்தது. நான் கியரை மாற்றவில்லை, பிரேக்கைத் தொடவில்லை. நடுவில் ஒரு பலகை கோணலாகக் கிடந்தது. முன்சக்கரம் அதில் ஏறி வழுக்கப் பார்த்தது. நான் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வளைத்தேன். சக்கரம் கேட்டது. அந்த இடத்தில், அந்த ஒரு கை அசைவில், சக்கரம் கேட்டது. காலையில் இருந்தபடி ஏறியிருந்தால் கேட்டிருக்காது. படகும் நானும் ஆற்றுக்குள்தான் இருந்திருப்போம்.

யுத்தம் முடிந்த பிறகு அதே இடத்தில் நிரந்தரப் பாலம் கட்டினார்கள். அதற்கான இரும்பு விட்டங்களை இழுத்தவர்களில் நானும் ஒருவன். ஒவ்வொரு விட்டத்துக்கும் தட்டை நகர்த்தி, தராசில் நிறுத்து, திருப்பிப் பார்த்துத்தான் புறப்பட்டேன். உங்களில் மூத்தவர்கள் அந்த வேலையில்தான் தொழிலுக்கு வந்தார்கள். காக்காவுக்குப் பயம் என்று அப்போது முணுமுணுத்ததும் எனக்குக் கேட்டது. பயம்தான். ஸ்டியரிங் லேசாக இருக்கும் நாளில் எனக்கு இன்றைக்கும் பயம். பவர் ஸ்டியரிங் உள்ள உங்கள் புது வண்டியில் அந்த லேசு கைக்குத் தெரியவும் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், தராசுக்குப் போங்கள், பொத்தானைத் தொடுங்கள், பிறகு ஒரு முறை முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

படகை விட்டுவிட்டேன். முடிக்கிறேன்.

சோதனைச் சாவடி அடைக்கும் முன் தாண்டிவிட்டோம். வெயில் இறங்கும் நேரம் கரைக்கு வந்தோம். மணலில் பலகை போட்டு ட்ரெய்லரைப் பின்னோக்கி எடுத்தேன். வால் தண்ணீருக்குள் போயிற்று. கடலில் நின்ற இன்னொரு படகிலிருந்து கயிறு எறிந்தார்கள். ஹாஜியார் பிஸ்மி சொன்னார். செல்வராசா அண்ணன் அணியத்தில் தேங்காய் உடைத்தார். அந்தப் படகு இழுக்க, நான் அங்குலம் அங்குலமாக வண்டியை முன்னுக்கு எடுக்க, ட்ரெய்லரில் பின்பக்கமாக வந்த படகு அலையைப் பார்த்தபடி வழுக்கி இறங்கியது. மிதந்தது. கரை முழுக்கச் சத்தம்.

மிதந்ததுதான், ஆனால் மூக்கைக் குத்திக்கொண்டு. அலை ஒன்று வந்து அணியத்துக்கு மேலால் ஏறித் தளத்தில் கொட்டியது. ஹாஜியார் என் கையைப் பிடித்தார். எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வலை, நங்கூரம், தண்ணீர், அரிசி, தேங்காய், எல்லாம் என் லொறிக்காக அணியத்தில் கிடக்கின்றன.

செல்வராசா அண்ணனுக்கு என்னைவிட முன்பே விளங்கிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நனைந்தபடி படகில் தொற்றி ஏறியவர், கரையைத் திரும்பிப் பார்த்து என்னைக் கண்டு கத்தினார்:

"காக்கா, உங்கட லொறிக்குச் சரி, எங்கட கடலுக்குப் பிழை. நான் இப்ப தட்டைப் பின்னுக்கு எடுக்கப்போறன்!"

அவருடைய ஆட்கள் சிரித்துக்கொண்டே வலையை இழுத்தார்கள், தண்ணீர்க் கலன்களை உருட்டினார்கள். பாரம் பின்னுக்குப் போகப் போக, அணியம் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு மெல்ல மெல்ல எழும்பியது. அடுத்த அலை வந்தது. அதன் மேல் ஏறி நின்றது.

பிறகு இயந்திரம் பிடித்தது. செல்வராசா அண்ணன் சுக்கானைத் திருப்பினார். படகு கேட்டது.